ஒப்பு பிசகாத படம்

சுதந்திரப் போராட்டத்தைப் பத்துப் படங்களாக வரைந்து வீட்டில் அடுக்கி வைத்திருந்தேன். கரையான் மட்டும்தான் ஆர்வமாக வந்து பார்த்தது. மாட்ட ஒரு சுவர் வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் செங்கலில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியவரிடம் போய் நின்றேன். ராஜா காலத்தில் சர்க்கார் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த குடும்பம். தன் பேச்சில் மலையாளம் கலக்காது என்று அவருக்குப் பெருமை.

நம் ஊர்க் கூட்டத்தைப் பட்டாளம் சுட்ட படத்தின் முன்னால் மட்டும் அதிக நேரம் நின்றார். அதில் விழுந்து கிடப்பவர் என் அம்மையின் தாத்தா. அதை நான் சொல்லவில்லை.

"இதுல எங்க பாட்டாவும் வரணும். ஒப்பு பிசகப்பிடாது மக்கா. பிறகு பத்தையும் மண்டபத்துல மாட்டலாம்" என்று தாத்தாவின் பழைய புகைப்படத்தைத் தந்தார்.

தமிழில் ஒப்பு என்றால் சாயல். மலையாளம் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் ஒப்பு என்றால் கையெழுத்து. நான் ஊர்க்காரன், கையெழுத்து என்றே எடுத்துக்கொண்டேன். அவர் பாட்டாவின் கையெழுத்து புகைப்படத்தின் பின்பக்கம் இருந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தவரைச் சட்டையில்லாத கூட்டத்தில் எங்கே நிறுத்துவது? பட்டாளத்தின் ஓரமாக மேசை போட்டு உட்கார வைத்தேன். மேசைமேல் ஒரு தாள். அதில் வெறும் கோடுகள். அடியில் சுழி மாறாத கையெழுத்து. முடித்ததும், சுடும் உத்தரவில் அவர் கையெழுத்திட்டதுபோல் படமே வேறாகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அழிக்கத் துணியை எடுத்தேன், சுவர் ஆசை விடவில்லை.

கொண்டுபோய்க் காட்டினேன். படத்தில் பாட்டாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, தாளையே பார்த்தார்.

"எலே, ஒப்பிட்டது பாட்டாதாண்ணு உனக்கு ஆரு சொன்னா?"

அவர் தமிழில் மலையாளம் புகுந்ததை அன்றுதான் கேட்டேன்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அது வெறும் கோடாக்கும்."

நம்பவில்லை. "மத்த ஒம்பதையும் கொண்டு வா. எல்லாத்தையும் நானே எடுக்கியேன்" என்றார். கொண்டுபோனேன். மண்டபத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தார். பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

"வெளிய ஆருட்டயும் பேசாண்டாம், கேட்டியா?"

வீட்டில் அம்மை காத்திருந்தாள். "தாத்தா படத்த மாட்டியாச்சா மக்கா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கழிஞ்சு போய்ப் பாக்கலாமா?"

"மாட்டியாச்சும்மா" என்றேன்.