விஜயதசமி அன்று அலறிய கம்ப்யூட்டர்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு ஆரணியில் மாடி வீடு கட்டியவன் வேறு எவன் இருக்கிறான்? பட்டுச் சேலைக் கரைக்கான டிசைனை எல்லாரும் கட்டம் போட்ட காகிதத்தில் வாரக்கணக்காகப் புள்ளி வைத்து வரைந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கே கம்ப்யூட்டர் வாங்கி வந்து அதில் வரைந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

அதைக் கற்றுக்கொள்ளத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஒருவனிடம் முதலில் போனேன். வயதில் எனக்குப் பாதி. “பெரியவரே, ஏ பி சி டி எழுதிக் காட்டுங்க. அப்பால மவுஸைத் தொடலாம்” என்றான். உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். வாரம் இரண்டு நாள் வேலூருக்குப் பஸ் ஏறி, வேறொருவரிடம் கற்றேன். சிரித்த சிரிப்பை மட்டும் மறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு விஜயதசமி. சேத்துப்பட்டு வியாபாரி ஒருவர் தன் மகள் கல்யாணச் சேலைக்குப் புதுக் கரை கேட்டிருந்தார். அன்று பத்தரைக்குள் நல்ல நேரத்தில் தன் கண்ணெதிரே டிசைனைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். டிசைன் அவருக்குப் பிடித்துப்போனால் அவர் கடைச் சரக்கு முழுக்க என் கைக்கு வரும்.

காலையில் குளித்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன். கீ கீ கீ என்று பெட்டி அலற ஆரம்பித்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடி அதே அலறல். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் என் மனைவி அந்தச் சென்டர்காரனுக்கே போன் போட்டுவிட்டாள். பண்டிகை நாளில் வேறு யார் வருவார்கள்? வந்தான். நின்றபடியே அலறலைக் கேட்டான். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை.

“மதர்போர்டு பூட்டுச்சு. மெட்ராஸுக்கு அனுப்பணும். பத்து நாள் ஆவும். தறிக்காரங்களுக்கு இன்னாத்துக்குப் பெரியவரே இந்தப் பேஜாரு?” என்று சிரித்துக்கொண்டே போனான்.

தறியில் வேண்டாத சத்தம் வந்தால் நாங்கள் தறியைச் செத்துப்போச்சு என்று சொல்வதில்லை. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். எதைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். மவுஸைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன், அலறியது. பிரிண்டரைப் பிடுங்கினேன்; அலறியது. கீபோர்டைப் பிடுங்கினேன். அமைதி. திரையில் எழுத்து ஓடியது.

கீபோர்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கீழ் வரிசையில் ஒரு எழுத்துக் கட்டை அமுங்கியபடி எழும்பாமல் கிடந்தது. அடியில் மஞ்சளாக என்னமோ இறுகியிருந்தது.

“ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சியா?”

“தறிக்கு வெச்சேன், தராசுக்கு வெச்சேன், இதுக்கு வெக்காம வுடுவாங்களா? வரிசைக்கு ஒண்ணு வெச்சேங்க. சந்தனம் கொஞ்சம் தண்ணியா பூட்டுச்சு.”

அப்போது போன் அடித்தது. வியாபாரி. “உங்க மிஷினு செத்துப்போச்சாமே. பஸ் எறங்கி உங்க வூட்டுக்கு வழி கேக்கத்தான் இந்தச் சென்டர்ல நுழைஞ்சேன். தானே போட்டுக் குடுக்கறேன்றாரு இவரு.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பொய்யும் சொல்லி, என் வேலையையும் பறிக்கிறான்.

“ஜல்தியா தொடைச்சிட்டு ஒக்காருங்க, நேரம் போவுது” என்றாள் மனைவி.

“தொடைக்காத. அப்படியே கெடக்கட்டும்” என்று கீபோர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

சென்டரில் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்க்க வந்த பெற்றோர் நாற்காலி கொள்ளாமல் நின்றார்கள். வியாபாரி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, பொட்டிதான் பூட்டுச்சு. இந்தக் கீபோர்டாவது தேறுமா பாரேன்” என்றேன், குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பணிவாக.

அவனுக்குக் குஷி. எல்லாரும் பார்க்க, தன் புத்தம்புதுக் கம்ப்யூட்டரை அணைத்தான், என் கீபோர்டை மாட்டினான், போட்டான்.

கீ கீ கீ கீ.

அணைத்துப் போட்டான். கீ கீ கீ. அவன் நெற்றியில் வேர்வை அரும்பியதை நான் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா தம்பி, உன் மதர்போர்டும் பூட்டுச்சா? மெட்ராஸுக்கு அனுப்பு. பத்து நாள்ல வந்துடும்.”

ஒரு தகப்பனார் பக்கென்று சிரித்தார். நான் சட்டைப் பையிலிருந்து நூல் முடிச்சு எடுக்கும் ஊசியை எடுத்து, அந்தக் கட்டையை நெம்பிக் கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி அவன் மேஜைமேல் கொட்டினேன். கட்டையை மாட்டிவிட்டு, “இப்போ போடு” என்றேன். சத்தமில்லாமல் கிளம்பியது.

வியாபாரி எழுந்து செருப்பை மாட்டினார். “மணி ஒம்பதே முக்கால் ஆவுது. வாங்க, உங்க வூட்டுக்கே போலாம்.”

வாசல் வரை அவன் பின்னாலேயே வந்தான். “அண்ணே, அட்மிஷன் நாளு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே.” பெரியவராக இருந்த நான் அண்ணன் ஆகியிருந்தேன்.

“சேச்சே, நான் போய்ச் சொல்வேனா?” என்றேன்.

பத்தே காலுக்கு வியாபாரி கண்ணெதிரே கரையின் முதல் புள்ளியை வைத்தேன். பதினொன்றுக்கு அவரை பஸ் ஏற்றிவிட்டேன். பதினொன்றரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தொடங்கி, பட்டு நூல் கடைகள் வழியாக, ஒரு கடை விடாமல் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.