தாடி எடுத்த நேரம்

என் முகத்துக்கும் பிளேடுக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. சவரம் செய்து பத்து நிமிடம் ஆவதற்குள் தாடைக்குக் கீழே தோல் சிவந்துவிடும். கழுத்தெல்லாம் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பி எரிச்சல் எடுக்கும். எங்கள் ஊரான கொடகவெல கடைகளில் விற்ற கிரீம், படிகாரம், எலுமிச்சை என்று யார் எதைச் சொன்னாலும் போட்டுப் பார்த்திருக்கிறேன். படிகாரம் வைத்த அன்று அழுதேவிட்டேன்.

கல்யாணமான புதிதில் என் மனைவிதான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். தேங்காய் எண்ணெயில் நாலு வேப்பிலையைப் போட்டு லேசாகச் சூடாக்கி, ஆறியதும் ஒரு போத்தலில் ஊற்றி வைப்பாள். நான் முகத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு வந்து உட்கார வேண்டும். உள்ளங்கையில் நாலைந்து சொட்டு விட்டு, என் கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பாள். "தேய்க்கக் கூடாதுங்க, தேய்ச்சா இன்னும் எரியும்" என்பாள். ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

அந்தக் கை ஒருநாள் நின்றுபோனது. காரணம் நான்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முடி வெட்ட மாட்டான், சவரம் செய்ய மாட்டான். பிள்ளை பிறந்த பிறகுதான் அவன்மேல் கத்தி படலாம். அவள் முதல்முறை உண்டாகியிருந்த நேரம் பார்த்து என் அடையாள அட்டை தொலைந்துபோனது. புது அட்டைக்குப் படம் பிடிக்க வேண்டும். நான் வேலை செய்த இரத்தினபுரி டயர் கடையின் சிங்கள முதலாளி, "இந்தத் தாடியோடு படம் எடுத்தால் காலமெல்லாம் சந்தேகப்படுவார்கள்" என்றார். மழமழவென்று வழித்துக்கொண்டு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தேன். அது நாலாம் மாதம். அடுத்த வாரம் கரு கலைந்துவிட்டது.

மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் காதில் விழும்படி மற்ற எல்லோரிடமும் சொன்னார். அடுத்த முறை நான் சவரம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மனைவி எண்ணெய்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முதல் நானே தடவிக்கொண்டேன்.

பிளேடுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வாய் கிழியப் பேசுகிறவன். ஆனால் அட்டையில் இருக்கும் அந்த வழித்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அட்டையைத் திருப்பி வைத்துவிடுவேன்.

யுத்தம் முடிய ஓரிரு வருடம் இருக்கும்போது அவள் மறுபடி உண்டானாள். யாரும் சொல்வதற்கு முன்பே ரேசரைத் துணியில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகிவிட்டேன். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் எங்கள் பாதையில் சோதனை இறுகிவிடும் காலம் அது. தாடி வளர வளர, இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து என்னை மட்டும் இறக்குவார்கள். அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள். என் சிங்களத்தில் ஒரு பிசிறு இருக்காது. ஆனாலும் தமிழ்ப் பெயரை என்ன செய்வது? பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். முதலாளி சலித்துப்போய், "வெட்டித் தொலை புத்தே" என்று மகனை அதட்டுவதுபோலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஒங்க இஷ்டம்ங்க" என்றாள். சொல்லும்போது அவள் கை வயிற்றின்மேல் போனது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் ஒரு காலையில் திடீரென்று வலி கண்டுவிட்டது. வேன் பிடித்து, மாமியாரையும் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் அன்றைக்கென்று புது ஆட்கள். அட்டையை வாங்கிய சார்ஜன்ட் என்னை இறங்கச் சொன்னார். மனைவிக்கு வலி என்று கெஞ்சினேன். "அவங்க போகட்டும், நீ இரு" என்றார். வேன் நகர்ந்தபோது அவள் பின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

தாடிக்கான காரணத்தை சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. "எனக்கும் பிள்ளைகள் இருக்கு. ஆனா படத்துல இருக்கிறது நீதான்னு தெரியணுமே" என்று ஒரு ரேசரையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் கொண்டுவரச் சொன்னார். நுரைக்கச் சவர்க்காரம் இல்லை. பிளேடும் பழசு. எதிரே சுவரில் மணிக்கூடு. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மாதக்கணக்கில் வளர்ந்த தாடியை வெறும் தண்ணீரில் வறட்டு வறட்டென்று இழுத்தேன். எரிந்தது. ஆனால் எனக்கு எரிச்சல் பெரிதாகத் தெரியவில்லை. இன்னும் பிறந்திருக்காதே, இன்னும் பிறந்திருக்காதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் மேலதிகாரி வர வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். தகவல் போய் முதலாளி வந்து பேசி என்னை வெளியே எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் பகல்தான் உள்ளே விட்டார்கள்.

பெண் பிள்ளை. முந்தின நாள் பகல் ஒன்றரை மணிக்குப் பிறந்திருக்கிறது. எடை போதவில்லை, மூச்சு சரியில்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மாமியார் என் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா காரியம் பண்ணிட்டீங்க மாப்ள! எப்ப வழிச்சீங்க? புள்ள பொறக்க முந்தியா, பொறகா?"

மணிக்கூட்டு முள் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"பொறகுதாம்மா" என்றாள் மனைவி.

"ஒனக்கெப்படி தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ போயி கொஞ்சம் சுடுதண்ணி வாங்கிட்டு வாம்மா."

மாமியார் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனார். மனைவி கட்டிலுக்குக் கீழே இருந்த பையை எடுக்கச் சொன்னாள். பிள்ளைக்கென்று கட்டி வைத்த பை. துணி, சவர்க்காரம், பேபி எண்ணெய் எல்லாம் அப்படியே பிரிக்காமல் இருந்தன. எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகி உடைத்தாள்.

"அது புள்ளைக்கு வச்சதாச்சே" என்றேன்.

"புள்ளைக்கு வேற வாங்கலாம். மூஞ்சிய பாருங்க, வீங்கிக் கெடக்கு. கிட்ட வாங்க."

வார்டில் அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தேன். உள்ளங்கையில் விட்டு, வெட்டுக்காயங்களில் படாமல் கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கை என் முகத்தில் பட்டது.

அவள் என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"முந்திதானே?"

பொய் சொல்ல முடியவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் கை அப்படியே நின்றது. இனி எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்றாள். மறுபடி ஒற்ற ஆரம்பித்தாள். அவளுக்கு அந்த வழக்கத்தில் என்னைவிட நம்பிக்கை அதிகம். பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத அந்த நாளில், நான்தான் காரணம் என்று பயந்துகொண்டே அவள் என் முகத்துக்கு எண்ணெய் போட்டாள்.

பதினோராம் நாள் மகளைக் கையில் கொடுத்தார்கள். போத்தலில் பாதி எண்ணெய்தான் மிச்சம் இருந்தது. அதை அவளுக்குத் தடவினோம்.