ஹார்மின் காபிக்கடை விளைச்சல்

எங்கள் ஊர்க் காபிக்கடையில் காலை ஆறு மணிக்கு விளையும் மக்காச்சோளத்துக்கு அயோவா மாநிலம் முழுவதிலும் ஈடு கிடையாது. மழை தவறட்டும், ஆலங்கட்டி விழட்டும், அந்த வட்ட மேசையில் உட்காருகிறவன் எவனும் ஏக்கருக்கு இருநூறு புஷலுக்குக் குறைத்து அறுத்ததாகச் சொல்லமாட்டான். (புஷல் என்பது எங்கள் தானிய அளவு, சோளம் என்றால் சுமார் இருபத்தைந்து கிலோ.) மேசையின் தலைசிறந்த விவசாயி ஹார்ம் மைண்டர்ஸ். என் பக்கத்து நிலத்துக்காரன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கப்பிச் சாலைதான். அவன் வண்டிகள் எத்தனை நடை தானியம் அள்ளிப் போகின்றன என்று பார்த்தே உண்மையில் என்ன விளைந்தது என்று என்னால் சொல்லிவிட முடியும். சொன்னதில்லை. அவனும் என் வண்டிகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

அவன் மோசமான விவசாயி என்று நினைத்துவிடாதீர்கள். கோடு போட்டதுபோல வரிசை பிடித்து விதைப்பவன். இயந்திரம் உடைந்தால் மழையில் நனைந்தாவது தானே சரிசெய்துகொள்பவன். ஒரே ஒரு சின்னக் குறை, எதைச் சொன்னாலும் முப்பது புஷல் கூட்டித்தான் சொல்வான். அவன் பிடித்த மீனும் அப்படித்தான் வளரும்.

பயிர்க் காப்பீடு என்ற பேச்சு வந்தால் போதும், தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொள்வான்.

"அதெல்லாம் விவசாயம் தெரியாதவனுக்குப்பா. ஆலங்கட்டிக்கு எடுத்திருக்கேன், அது போதும். என் நிலம் என்னைக் கைவிடாது."

மேசையில் எல்லாரும் தலையாட்டுவோம். நாங்கள் எல்லோரும் சத்தமில்லாமல் வருமானக் காப்பீடு எடுத்து வருடக்கணக்காகிறது என்பதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. விவசாயம் தெரியாதவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

அவனுடைய துரதிருஷ்டம், எங்கள் ஊரில் அந்தக் காப்பீட்டை விற்பவள் அவன் மனைவி ட்வைலாவின் தங்கை லவான். கொழுந்தியாளிடம் தப்பிப்பது ஆலங்கட்டியிடம் தப்பிப்பதைவிடக் கஷ்டம். அந்த வருடம் அவன் புதிதாக நூறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். விதை, உரம் எல்லாம் வங்கிக் கடன். ட்வைலாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மார்ச் நடுவில் காப்பீட்டுக்குக் கையெழுத்துப் போடக் கெடு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும் லவான் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ஒரு 'பை' பலகாரத்தோடு அவர்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். உழவு இயந்திரத்துக்கு ஒரு சாமான் கடன் கேட்கப் போயிருந்த நானும் அங்கே மாட்டிக்கொண்டேன்.

"ஹார்ம், இதைக் கேளு. உன் நிலம் சராசரியா ஏக்கருக்கு இருநூறு புஷல் விளையுது..."

"இருநூத்தி முப்பது."

"அந்த முப்பது காபிக்கடையில விளையும். எடைமேடையில இருநூறுதான் விளைஞ்சிருக்கு. குறுக்கே பேசாம பையைச் சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். நான் காபியைப் பார்த்துக்கொண்டேன்.

"இருநூறுல எண்பது சதவீதத்துக்குக் காப்பீடு, நூத்தி அறுபது புஷல். சிகாகோ சந்தையில டிசம்பர்ல குடுக்கப்போற சோளத்துக்குப் பிப்ரவரி மாசம் பூரா என்ன விலை பேசினாங்களோ, அதோட சராசரி புஷலுக்கு அஞ்சு டாலர். ரெண்டையும் பெருக்கினா ஏக்கருக்கு எண்ணூறு டாலர் உனக்கு உத்தரவாதம். அறுவடைக்கப்புறம் உன் விளைச்சலை அக்டோபர் மாச விலையால பெருக்குவாங்க. அது எண்ணூறுக்குக் கீழே போனா, குறையறதைக் கம்பெனி தரும். விளைச்சலால குறைஞ்சுதா விலையால குறைஞ்சுதான்னு கேக்கமாட்டாங்க."

"வறட்சி வந்து விலை ஏறிப்போச்சுன்னா? அப்போ அஞ்சு டாலரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்போ ஏறின விலையை வச்சுத்தான் கணக்கு. எது அதிகமோ அது."

ஹார்ம் கொஞ்சநேரம் மெல்லுவதை நிறுத்தினான். எங்கேயோ ஏமாற்று இருக்கவேண்டும் என்று தேடுகிற முகம்.

"கட்டணம்?"

"பாதிக்கு மேல அரசாங்கம் கட்டுது. மிச்சம் நீ கட்டணும்."

"நல்லா விளைஞ்சு விலையும் நின்னா கட்டின காசு போச்சுதானே?"

"போச்சு. வீட்டுக்கும்தான் தீக்காப்பீடு கட்டுறே. ஒரு வருஷமாவது எரியலையேன்னு அழுதியா?"

அடுப்பருகே நின்ற ட்வைலா திரும்பவே இல்லை. "அவன்கிட்ட பேனாவைக் குடு லவான்" என்றாள். இரண்டாவது துண்டுப் பையைத் தின்றுவிட்டு மறுப்பது மரியாதையாக இருக்காது என்பதால் கையெழுத்துப் போட்டதாக ஹார்ம் பிற்பாடு என்னிடம் சொன்னான். வெளியே யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னான்.

அந்த வருடம் நாடெங்கும் சோளம் கொட்டியது. எங்கள் பக்கம் மட்டும் ஜூலையில் மழை வடக்கேயே நின்றுவிட்டது. பயிர் பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. கதிரைப் பிரித்தால் நுனியில் மணி இல்லை. வேறு வருடமாக இருந்தால் இது சமாளிக்கக்கூடிய நஷ்டம்தான். ஆனால் விலை ஆகஸ்டில் சரிய ஆரம்பித்து, அக்டோபரில் நாலு டாலரில் வந்து படுத்தது. ஹார்ம் இரும்புக் குதிர்கள் நிரம்ப நிரம்பச் சோளத்தை வைத்துக்கொண்டு, அதை விற்றால் கடனுக்குப் போதாது என்று தெரிந்தும், காலை ஆறு மணிக்குத் தவறாமல் வந்து, "எனக்கு இருநூத்தி இருபது ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் அவன் இனிப்பு ரொட்டி வாங்குவதை நிறுத்தியிருந்தான். வெறும் காபி மட்டும். அதை நான் கவனித்தேன். கேலி செய்யவில்லை.

கடைசியில் ட்வைலாதான் தங்கைக்குப் போன் செய்திருக்கிறாள். விற்றவளே அளக்கக்கூடாது என்பது விதி. அதனால் பக்கத்து மாவட்டத்திலிருந்து கம்பெனி ஆள் ஒருவரை அனுப்பியது. கேலன் ஓட்மன் என்ற உயரமான, சாவதானமான மனிதர். அவருக்குப் பண்ணைக்கு வழி தெரியவில்லை. வழி கேட்க எங்கே வருவார்? காபிக்கடைக்குத்தான் வந்தார்.

"ஹார்ம் மைண்டர்ஸ் பண்ணை எந்தப் பக்கங்க? குதிர் அளக்கணும். வருமானக் காப்பீட்டு விஷயம்."

ஹார்ம் அப்போதுதான் இருநூற்றிருபதைச் சொல்லி முடித்திருந்தான். சொன்னபோது கடைக்காரி உட்பட எல்லாரும் கேட்டிருந்தோம். யாரோ ஒருவன், பெயர் வேண்டாம், கதவருகே நின்றவரிடம் உதவி செய்கிற குரலில் சொன்னான்:

"இதோ இவன்தான். இருநூத்தி இருபது அறுத்திருக்கானாம்."

கேலன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். "இருநூத்தி இருபதா? நாலு டாலர்ன்னா எண்ணூத்தி எண்பது ஆச்சே. அப்போ உங்களுக்கு ஒண்ணும் வராது. நான் இப்படியே திரும்பிடட்டுமா?"

ஹார்மின் காதுகள் சிவந்தன. அவனை இத்தனை வருடமாகக் கிண்டல் செய்திருக்கிறேன், ஆனால் அந்த நிமிடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் முப்பது வருடப் பெருமை. இன்னொரு பக்கம் வங்கி, குத்தகை, தூங்காத மனைவி. அவன் காபியை ஒரு வாய் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்தான்.

"அது... ஈரத்தோட சொன்னதுங்க" என்றான்.

"காஞ்சதும் எவ்வளவு?"

"நல்லாக் காஞ்சா நூத்தித் தொண்ணூறுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்."

மேசை வெடித்துச் சிரித்தது. சோளத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் குதிருக்குள் மீன் வளர்க்கலாம். ஹார்ம் சிரிக்கவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "என் வண்டி பின்னாடியே வாங்க" என்று கேலனிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

நானும் போனேன், ஏணி பிடிக்கிற சாக்கில். கேலன் குதிரின் சுற்றளவை அளந்து, மேலே ஏறி உயரம் பார்த்து, ஒரு சின்னப் பை நிறையச் சோளம் எடுத்து ஈரப்பதம் பார்த்தார். முன்பே விற்றதையும் கூட்டினார். ஏக்கருக்கு நூற்றெண்பத்தெட்டு. நாலு டாலரால் பெருக்கினால் எழுநூற்றைம்பத்திரண்டு. ஏக்கருக்கு நாற்பத்தெட்டு டாலர் அவனுக்கு வரவேண்டும். புது நிலத்தையும் சேர்த்து ஐந்நூறு ஏக்கருக்கு இருபத்துநாலாயிரம் டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஹார்ம், குதிரின் தகரத்தில் சாய்ந்து நின்று மூக்கைச் சிந்திக்கொண்டான். குளிர் என்றான். குளிராகத்தான் இருந்தது.

மறுநாள் அவன் கடைக்கு வரமாட்டான் என்று நினைத்தோம். வந்தான். யாரும் வாயைத் திறக்கும் முன், "நூத்தி எண்பத்தெட்டு. உங்களுக்கெல்லாம் எவ்வளவு?" என்றான்.

முதலில் நான், "நூத்தி எண்பத்து மூணு. நாளைக்குக் கேலன் என் வீட்டுக்கு வர்றார்" என்றேன். அப்புறம் ஒவ்வொருவனாக, வாக்குமூலம் கொடுப்பதுபோல. அந்த மேசையில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேருக்கும் காப்பீடு இருந்தது. ஹார்ம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இத்தனை வருஷம் என்னை ஒருத்தனை மட்டும் தனியா வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்க விட்டீங்களேடா" என்றான். அன்று அவன் காபிக்கு நாங்கள் காசு கொடுத்தோம்.

பணம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்தது. பெரிய லாபம் ஒன்றுமில்லை. குத்தகையும் வங்கியின் தவணையும் தீர்ந்தன, புது நூறு ஏக்கரும் கையைவிட்டுப் போகவில்லை. ட்வைலா இரவில் தூங்க ஆரம்பித்தாள்.

அடுத்த மார்ச்சில் யாரும் செர்ரிப் பை கொண்டுபோகவேண்டிய தேவையே இல்லாமல் ஹார்ம் தானே லவானின் அலுவலகத்துக்குப் போனான். அந்தப் பிப்ரவரியின் சராசரி விலை நாலு டாலர் பத்து சென்ட்தான் என்றாள் அவள். விலை இறங்கினால் உத்தரவாதமும் சேர்ந்துதான் இறங்கும், போன வருட ஐந்து டாலர் போன வருடத்தோடு முடிந்தது என்று விளக்கினாள்.

"இது அநியாயம். யார் குறைச்சது விலையை?"

"நான்தான். நேத்து ராத்திரி சிகாகோவுக்குப் போன் போட்டுக் குறைக்கச் சொன்னேன்."

முனகிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன், எண்பது வேண்டாம், எண்பத்தைந்து சதவீதத்துக்கு என்ன கட்டணம் என்று கேட்டிருக்கிறான்.