இந்தியா இல்லாத பாட்டுப் போட்டி

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அது முதலில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்க்கும். அப்பாவின் ஸ்கூட்டர் ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் ஹைதராபாத்தில் நாங்கள் இருந்த மாரெட்பள்ளிக்குள் நுழைந்தது. என் புதுப் பள்ளிக்கூடப் பைக்குக்கூட மூலையில் மஞ்சள் தடவினார்கள். அது என்ன கறை என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அத்தைக்கு ஒரு புதுப் பாட்டு கிடைத்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பகலில் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு என்று எங்களோடுதான் இருந்தாள். ஆசிய நாடுகள் நாட்டுக்கு ஒரு பாட்டாக அனுப்பி, டிவியில் நேரலையாக மோதிக்கொள்ளும் போட்டி ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் சார்பில் பாட ஒரு சேனல் ஆள் எடுக்கும். வருடா வருடம் மும்பைக்குப் போய்ப் பாடிவிட்டு முகம் வாடித் திரும்பும் அத்தையை அந்த வருடம்தான் எடுத்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. அத்தைக்கு அந்த வருடத்தோடு முப்பது முடிகிறது. இதை விட்டால் வேறில்லை என்பது எனக்கே தெரியும், வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சேனலிலிருந்து பேசிய பெண்மணி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அந்தப் பாட்டைப் போட்டி மேடையில்தான் உலகம் முதன்முதலாகக் கேட்க வேண்டும். அதற்குள் வெளியே எங்காவது கேட்டால் பாட்டு தள்ளுபடி. அதனால் அத்தை ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, வியர்வை வழிய, பீரோ இருந்த அறையில் பாடிப் பழகினாள். எனக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். ஆனாலும் சாக்லேட் தருகிறேன் என்று கெஞ்சிய தோழிகளிடம்கூட நான் ஒரு வரி முணுமுணுக்கவில்லை. எட்டு வயதில் இருந்த அந்த வாயடக்கம் அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் வாய்க்கவில்லை.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது விநாயக சதுர்த்தி வந்தது. தெருமுனையில் வழக்கம்போலப் பந்தல் போட்டு ஆளுயரப் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். அங்கே ஒரு தடவை பாடிவிட்டு வந்துவிடலாம் என்றார் அப்பா. அத்தை தயங்கினாள்.

"வேண்டாம் அண்ணா. வெளியில பாடக் கூடாதுன்னு அவ்வளவு சொல்லியிருக்காங்க."

"சாமி முன்னாடி பாடறது வெளியில பாடறதாம்மா?" என்றார் அப்பா.

இரண்டு வரி மட்டும் மெதுவாகப் பாடிவிட்டு வந்துவிடேன் என்று அம்மாவும் சொன்னாள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிள்ளையாரை யாராவது கூட்டத்தில் சேர்ப்பார்களா?

கூட்டம் இருக்காது என்று அப்பா மத்தியானமாகப் பார்த்துக் கூட்டிப்போனார். பந்தல் பையன்கள் ஓரமாக உட்கார்ந்து புளிஹோரா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை கைகூப்பி வாயைத் திறந்ததும் ஒருவன் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, "மைக் லேகுண்டா எலா அக்கா?" என்று, மைக் இல்லாமல் எப்படி என்ற நியாயத்தோடு, ஸ்டாண்டைக் கொண்டுவந்து நட்டான். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் முதல் வரி ஒலிபெருக்கியில் கிளம்பி மொட்டைமாடிகளுக்கெல்லாம் போய்விட்டது. தங்கையின் குரலைத் தெருவே நின்று கேட்பதைக் கண்டதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே போய் மைக்கை அத்தையின் உயரத்துக்குச் சரிசெய்து வைத்தார். இரண்டு வரி என்று போனது முழுப்பாட்டாக முடிந்தது.

கேமரா வைத்த போன்கள் அப்போதே எல்லோர் கையிலும் வந்துவிட்டன. எங்கள் மாரெட்பள்ளி அக்கா இந்தியாவுக்காகப் பாடும் பாட்டு என்று மூவர்ணக் கொடியெல்லாம் ஒட்டி யாரோ அதை இணையத்தில் ஏற்றினார்கள். ஏற்றியவனுக்கு அத்தைமேல் மலையளவு பாசம். பால்காரர்கூடப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொன்னார்.

சேனலிலிருந்து போன் வந்தபோது அத்தை நின்றபடியே கேட்டாள். "ஓகே மேடம், தேங்க் யூ மேடம்" என்று வைத்துவிட்டாள். பாட்டு தள்ளுபடி. வேறு பாட்டு தயார்செய்ய நேரமில்லாததால் அந்த வருடம் இந்தியாவே கிடையாது. அப்பா திரும்பக் கூப்பிட்டு, மேலதிகாரிகளிடம் பேசும் இங்கிலீஷில், அது கடவுளுக்காக மட்டும் பாடியது என்று விளக்கிக்கொண்டே இருந்தார். எதிர்முனையில் எப்போது வைத்தார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வீடு அப்படிக் களையிழந்து கிடந்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

போட்டியன்று டிவி வேண்டாம் என்றார் அப்பா. அத்தைதான் போட்டாள். ஆங்கில அகரவரிசைப்படி நாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹாங்காங் முடிந்தது, இந்தோனேசியா வந்தது. நடுவில், இந்தியா வர வேண்டிய இடத்தில், ஒரு விளம்பரம்கூட இல்லை.

"நம்மளுது கைக்கு வரலை அத்தை?" என்று கேட்டேன். ஏன் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்து ஹைதராபாத் ஹிந்தியில் 'கைக்கு' என்றுதான் வரும்.

"நம்ம பாட்டு சாமிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு கண்ணு. அவரே வச்சுக்கிட்டார்" என்றாள் அத்தை.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொசு வரும் என்று சாத்துகிறார் என நினைத்தேன்.

அத்தை அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார், ஒருநாள் அழுது தீர்த்து ஓய்ந்திருப்பார்கள். அந்த வழியை அத்தை அவருக்கு விடவே இல்லை. கரண்ட் பில், காய்கறி என்று இருவரும் முன்புபோலவே பேசிக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆபீசிலிருந்து வந்ததும் அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "ஏதாவது பாடேம்மா" என்பார். "தொண்டை சரியில்லண்ணா" என்பாள் அத்தை. மறுநாளும் அவர் கேட்பார், மறுநாளும் அவளுக்குத் தொண்டை சரியிருக்காது. அவள் தொண்டை இன்னும் குணமாகவில்லையே என்ற கவலையில் நான் சமையலறைக்கு ஓடிப்போய், வெந்நீரில் உப்பைக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டுவேன். அத்தை அதை வாங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்க, கொப்பளிப்பாள்.