மூன்றாவது தும்மல்

எங்கள் வீட்டில் எல்லோரும் என் மூக்குக்காகப் பாடுபட்ட வருஷம் ஒன்று உண்டு. அப்போது நான் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. சாமை அறுப்பு முடிந்தால் எனக்கு மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், தும்மல் நிற்காது. அந்த வருஷம் அது வெறும் மூக்கு விவகாரமாக இருக்கவில்லை. நெல்லிவாசலிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள், பேச்சைத் தொடங்கும் நேரம் பார்த்து நான் தும்மியதால் எழுந்து போய்விட்டார்கள். ஒற்றைத் தும்மல் ஆகாது. இன்னும் ஒரே ஒரு முறைதான் வருவோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இறந்துபோயிருந்தார். மாப்பிள்ளையின் மீசை அப்பாவின் மீசையைவிட நரைத்திருந்தது. நிலம் நிறைய. அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் மூக்கைத்தான் தினமும் விசாரித்தார்கள்.

அம்மா நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, கம்பளிக்குள் என்னை ஆவி பிடிக்கவைத்தாள். மாமா விரலி மஞ்சளை விளக்கில் கருக்கிப் புகையை இழுக்கச் சொன்னார். இரண்டிலும் அடைப்பு கொஞ்சம் விட்டது. அக்காவின் வைத்தியம் தனி. சாமை உமியைத் துணியில் முடிந்து, சட்டியில் சூடாக்கி, முகத்தில் ஒத்தடம் கொடுப்பாள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் தூசி மூக்கில் ஏறியதும் தும்மல் பிய்த்துக்கொண்டு வரும்.

"அக்கா, இதுல ஜாஸ்தி ஆவுதே?"

"கெட்டதெல்லாம் வெளிய வருதுடா. அம்மாகிட்ட சொல்லாத. நொச்சிதான் ஒசத்தின்னு சண்டைக்கு வரும்."

தும்மலைக் குறைப்பது நல்ல வைத்தியமா, கூட்டுவது நல்ல வைத்தியமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்த காலையில், அக்கா என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் வெகுநேரம் ஒத்தடம் கொடுத்தாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். வெற்றிலைத் தட்டு நகர்ந்தது. தும்மினேன்.

மாமாதான் முதலில் சுதாரித்தார். "ரெட்டைத் தும்மல் நல்லதுங்க. டேய், இன்னொண்ணு போட்றா!"

"போட்றா கண்ணு," என்று அம்மா கெஞ்சினாள். தும்மாதே என்று அதுவரை அதட்டிக்கொண்டிருந்த அப்பா, வரட்டும் என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முகம் மலர்ந்து தட்டுக்குக் கை நீட்டினார். கை தட்டைத் தொடுவதற்குள் இன்னொன்றும் வந்துவிட்டது.

"மூணுக்கு இன்னாய்யா கணக்கு?" என்றார் அவர்.

"ரெண்டு நல்லதுங்க... மீதி ஒண்ணு..." மாமா இழுத்தார்.

"கடைசியா வந்தது ஒத்தைதான?" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போனதும் அப்பா என்னை அடிக்க வந்தார். அக்கா குறுக்கே புகுந்து அந்த அடியை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

அன்றோடு ஒத்தடம் நின்றது. சில நாளில் தும்மலும் நின்றது. கடைசியில் அக்காவின் வைத்தியம்தான் பலித்தது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூக்கு ஒழுகியபோது, அவன் அம்மாவிடம் போய் உமி ஒத்தடத்தின் மகிமையை விவரிக்கத் தொடங்கினேன். அக்கா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

இவ்வளவு நல்ல மருந்தைச் சொல்லிக்கொடுக்க ஏன் இத்தனை கஞ்சத்தனம் என்று, வெகுநாள் அவள்மேல் எனக்கு வருத்தம்.