திங்கட்கிழமைக்குள் மாற்ற வேண்டிய வாய்கள்

சென்ற அக்டோபரில் எங்கள் ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையைக் கழற்ற நானே ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிறவர். அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். அனிமேஷன் படித்தேன். பெங்களூருக்குப் போகாமல் ஓசூரிலேயே கார்ட்டூன் படம் எடுக்கலாம் என்று காட்ட, மோட்டார் ரிப்பேர்க் கடை மாடியில் அறை பிடித்தேன். நான் பழக்கிய நான்கு பெண்கள் என்னோடு இருந்தார்கள்.

பெங்களூர் நிறுவனம் ஒன்று கன்னடக் குழந்தைத் தொடரை எங்களிடம் கொடுத்தது. வழக்கமாக நடிகர்களின் குரல் முதலில் வரும். அதைக் கேட்டுத்தான் பாத்திரங்களின் வாயை அசைப்போம். அந்த முறை குரல் வரத் தாமதமானது. ஓசூரில் யாருக்குக் கன்னடம் தெரியாது? வசனத்தை நாங்களே போனில் பேசிப் பதிந்து, அதற்கேற்ப வேலையை முடித்துவிட்டோம். எங்கள் கன்னடத்தில் தமிழும் தெலுங்கும் கலந்திருப்பதோ, மூச்சு விடாமல் பேசுவதோ யாருக்கும் உறைக்கவில்லை.

நடிகர்களின் குரல் வந்து, அதைப் படத்தோடு சேர்த்துப் பார்த்ததும் பெங்களூர் நிறுவனத்தின் மேலாளர் போனில் கத்தினார்.

"உங்க பொம்மைங்க ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல சண்டை போடற மாதிரி வாயாட்டுதும்மா! எங்க குரல் ஓடிட்டே இருக்கு, அதுங்க வாய மூடிட்டு நிக்குதுங்க. வர்ற திங்கள் இல்ல, அதுக்கடுத்த திங்கட்கிழமைக்குள்ள எல்லா வாயையும் மாத்துங்க. இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

செய்தி அந்த நான்கு பெண்களின் வீடுகளுக்கும் போனது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேன்கனிக்கோட்டை ஜெயந்திதான் முதலில் போனாள். அவள் அப்பாவின் கேழ்வரகுப் பயிரை யானை மிதித்து அழித்திருந்தது; வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டியிருந்தது. பிறகு லட்சுமியும் கவிதாவும். கடைசியாக முபீனா.

"எங்கம்மாவுக்கு வாசல்ல கம்பெனி வண்டி வந்து நிக்கணுமாம்க்கா. உங்க கார்ட்டூன் வண்டி எப்ப வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு என்னை அறுத்தது.

தனியாகச் செய்து பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியது. அணைந்து கிடந்த கணினிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குக் கைகளை அனுப்பும்." அவ்வளவுதான் கேட்க முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அழுதேன். அன்றும் ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், முதல் ஷிப்ட் விட்ட நேரம், மாடிப்படியில் சத்தம் கேட்டது. கம்பெனிச் சட்டையோடு முபீனா. அவளுக்குப் பின்னால் லட்சுமியும் கவிதாவும்.

"என்னடி, வேலைய விட்டுட்டியா?"

"இல்லக்கா, ஷிப்ட் முடிஞ்சது. அசெம்ப்ளி லைன்ல நின்னா எல்லார் வாயையும்தான் பாத்துட்டிருக்கேன். சூப்பர்வைசர் திட்டறப்ப உதடு எப்படிக் குவியுதுன்னு பாத்தேன். 'என்னம்மா பாக்கற'ன்னு அதுக்கும் சேத்துத் திட்டினாரு. தள்ளி உக்காருக்கா, எந்த சீன் பாக்கி?"

தள்ளி உட்கார்ந்தேன். நான் ஜெபித்தது அவர்களில் யாருக்கும் தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஸ்டுடியோவுக்குப் போனபோது எனக்கு முன்பே வாசலில் நின்றார்கள். திங்கட்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. தொடர் எங்களிடமே தங்கியது. மூவரும் கம்பெனியை விட்டு என்னிடமே திரும்பிவிட்டார்கள்.

ஜெயந்தி வரவில்லை. எங்களில் அவள் கைதான் நல்ல கை. அவளுக்காகவும் அதே ஆண்டவரிடம் கேட்கிறேன். இன்னும் பதில் இல்லை. அவள் நாற்காலியைப் பார்க்கும்போது என் நன்றியோடு வலியும் வருகிறது. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

முன்பெல்லாம் என் படிப்பு என்னைத் தாங்கும் என்று நினைத்தேன். இப்போது தினமும் ஜெபித்த பிறகே கணினியைத் திறக்கிறேன். அன்பானவர்களே, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. யாருமில்லாத அறையில் நான் அழுதது அவர் காதில் விழுந்தது. உங்கள் அழுகையும் விழும். கேளுங்கள்.