தாகத்தோடு போன தம்பி

இன்று பென்னாகரம் பேருந்தில், கணவருக்கான டயாலிசிஸ் திரவப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள என்னங்க?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"வூட்டுக்காரருக்குக் கிட்னி போயிடுச்சுங்க. இதை வயித்துக்குள்ள விட்டு எடுக்கணும். வூட்லயே செய்யறோம்."

பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "எழுபத்தஞ்சுல, எமர்ஜென்சி சமயத்துல என் தம்பிக்கும் ஆஸ்பத்திரியில இப்படித்தாங்க. மருந்துத் தண்ணி இருக்கற கண்ணாடி பாட்டிலை வெந்நீர்ல வெச்சு சூடு பண்ணி, வயித்துல விட்டாங்க. குடிக்க மட்டும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. 'வயித்துல ஊத்தறத வாயில ஊத்துண்ணா'ன்னு கெஞ்சினான். தாகத்தோடவே போயிட்டான்."

பாப்பாரப்பட்டியில் இறங்கும்போது திரும்பினார். "உங்க வூட்டுக்காரரு தண்ணி குடிக்கலாங்களா?"

"அளவா குடிக்கலாங்க."

"குடுங்க."

ஊரெல்லாம் 'குடுக்காதீங்க' என்றுதான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறது.

இன்று என் கணவரின் டம்ளர் தளும்பத்தான் இருக்கும். திட்டுபவர்கள் கீழே கமெண்டில் திட்டலாம்.